இடது கைக்கு நாலு மார்க்

அவளுடைய வேலையைச் சொன்னால் யாரும் முதலில் நம்பமாட்டார்கள். சோப்பும், வியர்வை வாடைக்குப் பூசுகிற ரோல்-ஆனும் செய்கிற கம்பெனியின் சோதனைக்கூடத்தில் மனிதர்களின் அக்குளை முகர்ந்து மார்க் போடுவது. வாசனையே இல்லாவிட்டால் பூஜ்யம். தலைதெறிக்க ஓடவைத்தால் பத்து. சோதனைக்கு வருகிறவர்கள் இரண்டு வாரம் எதையும் பூசாமல் இருந்துவிட்டு வரவேண்டும். பிறகு வலது அக்குளில் மட்டும் புதுச் சரக்கு, இடது சும்மா. இரண்டையும் ஒப்பிடுவார்கள். முகர்கிறவள் புருவத்தைக்கூட அசைக்கக் கூடாது. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு இருக்கிற வெட்கமே போதும்.

அப்படிக் கையைத் தூக்கி நின்றவர்தான் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். இடது கைக்கு நாலு போட்டாள். மறுவாரமும் நாலு. "பள்ளிக்கூடத்துலயும் எனக்கு இதே மார்க்தாங்க" என்றார். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும், ஆறே மாதத்தில் கல்யாணமானதும் வீட்டில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரைச் சும்மா விடவில்லை. "அந்தக் கூண்டுக்குள்ள நாலு பேரோட நிக்கிறீங்க. பாவம் அவங்க" என்று தினமும் காலையில் ரோல்-ஆனை நீட்டுவாள். "சரிங்க மூக்கரசி" என்று பொத்தானைக்கூடக் கழற்றாமல் கழுத்து வழியாகக் கையை விட்டுப் பூசிக்கொள்வார். பதினைந்து வருஷம்.

அவர் போய் எட்டு மாதமாகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிய அன்றே அலமாரியைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். நீலம், கோடு போட்டது, வேலைக்குப் போட்டுப்போகிற காக்கி. எல்லாவற்றிலும் எலுமிச்சை கலந்த கம்பெனி வாசனை. அவர் இல்லை. வியர்வைக்கென்று பெரிய வாசனை கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று வெளியே விடுவதுதான் வாசனை. ஆளுக்கு ஆள் அந்தக் குடித்தனம் வேறு. அதைத் தினமும் காலையில் விரட்டிவிட்டவள் அவளேதான். ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று வாரம் அவர் எதுவும் பூசவில்லை. அங்கே அவர் வாசனைதான் அடித்தது. அப்போது அவர் உடுத்தியிருந்த துணிகளை ஆஸ்பத்திரிக்காரர்கள் வெந்நீரில் போட்டுவிட்டார்கள். வேண்டாமென்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, பதின்மூன்று வயது மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையை விட்டெறிந்தாள்.

"எனக்கு ரோல்-ஆன் வேணும்."

"திடீர்னு எதுக்குடி?"

"நான் போய் உக்காந்ததும் பக்கத்துல இருக்கறவ ஜன்னலத் திறக்கறா. எல்லாரும் சிரிக்கறாங்க." அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். "உன் வேலைதானே, நீயே பாத்துச் சொல்லு. பொய் சொல்லக் கூடாது."

கையைத் தூக்கினாள். அம்மா குனிந்து, வேலையில் செய்வதுபோல, சின்னதாக மூன்று முறை மூச்சை இழுத்தாள். முதலில் சோப்பு. அடுத்து சீருடைத் துணி. மூன்றாவதில், வெயிலில் காய்ந்த கயிறு, லேசான புளிப்பு, அடியில் சீரகம்போல ஒரு சூடு.

சோதனைக்கூடத்தில் ஒரே ஒருமுறை தவறிய அந்த முகம் இப்போது இரண்டாம் முறை தவறியது.

"ஐயோ, அவ்ளோ மோசமா?" மகள் கையை இறக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"இல்லடி, இல்ல, இங்க வா." மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நாலுடி. நாலு மார்க்."

மகள் அழுகையை நிறுத்தினாள். கதை தெரிந்த பிள்ளை. "அப்பா மார்க்கா?"

அம்மா தலையசைத்தாள். மகள் தன் அக்குளைத் தானே ஒருமுறை முகர்ந்து பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்று மூக்கை உறிஞ்சினாள்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டால் என்ன என்று ஆசையாகத்தான் இருந்தது. பூசினால் இதுவும் போய்விடும். ஆனால் அந்த ஜன்னல் கண்ணெதிரே வந்தது. எழுந்துபோய் அவர் சட்டைகளுக்குப் பக்கத்திலிருந்து பிரிக்காத ரோல்-ஆன் ஒன்றை எடுத்து வந்தாள். "குளிச்சுட்டு நல்லா ஈரம் துடைச்சுட்டுப் போடு" என்று மகள் கையில் கொடுத்தாள்.

புதன், வியாழன், வெள்ளி ஜன்னலைப் பற்றிப் பேச்சே வரவில்லை. வெள்ளி மாலை வகுப்பில் நடந்த கூத்தைச் சொல்லி மகள் சிரித்தாள். அம்மா எதையும் முகர்ந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை மொட்டைமாடியில் கயிறு தாண்டிவிட்டு இறங்கி வந்தவள் சோபாவில் பொத்தென்று விழுந்தாள். இடது கையைத் தூக்கி அம்மாவின் தோளைச் சுற்றிப் போட்டாள்.

"வலதுல மட்டும்தான் போட்டேன். இடது சும்மா. எத்தன மார்க்?"

அம்மா முகர்ந்தாள். "ரெண்டு."

"குறைஞ்சுபோச்சா?" மகளின் முகம் விழுந்தது.

"ஒருநாள்தானே விட்டிருக்க. கொஞ்சங்கொஞ்சமாத் திரும்பி வந்துடும்."

"அப்ப நாளைக்கும் இடதுக்கு லீவு."

"திங்கக்கிழம?"

"திங்கக்கிழம ரெண்டுக்கும் போடணும், மூக்கரசி. எனக்கு ஸ்கூல் இருக்கு."

கையை எடுக்கவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, மார்க் போடாமல், இன்னொரு முறை மூச்சை இழுத்தாள்.