ஏழாவது சேனலின் சின்னம்

அரசுத் தொலைக்காட்சிக்கு ஏற்கெனவே ஆறு சேனல்கள். செய்திக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டும் பார்க்க நாதியில்லை. அந்த அழகில் இன்று ஏழாவதையும் திறக்கிறார்கள். காலையிலிருந்து ஏழிலும் ஒரே படம்: திறப்பு விழா, நடுநடுவே செய்தி.

செய்தியைச் சைகை மொழியில் சொல்பவளுக்கு நிலையத்தில் "கட்டம்மா" என்று பெயர். திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் வருகிறவள் அல்லவா! காது கேளாத அக்காவோடு வளர்ந்ததால் வாய்க்கு முன்னாலேயே அவள் கை பேசப் பழகியிருந்தது.

அணை நிரம்பிவிட்டது, பொழுது சாய்வதற்குள் திறக்கிறார்கள், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும். இதைத் தனியறைக் கேமராவின் முன் வியர்க்க விறுவிறுக்கச் சொல்லி முடித்து வெளியே வந்தால், செல்போனில் அக்காவின் வீடியோ அழைப்பு.

"ஏன்டி, இன்னைக்கு நீ டிவியில வரவே இல்ல?" என்றன அக்காவின் கைகள்.

அக்கா தன் வீட்டு டிவியைக் காட்டினாள். கட்டம் இருக்கவேண்டிய மூலையில் புதுச் சேனலின் சின்னம் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. கட்டம்மாவின் அறையில் டிவி கிடையாது. இவ்வளவு நேரமும் சுவருக்குத்தான் சொல்லியிருக்கிறாள். பதறிப்போய் அணை விஷயத்தை அக்காவிடம் சொன்னாள்.

"எனக்கு நீ இருக்க. ஆத்தோரம் பூரா என்னை மாதிரி காது கேக்காதவங்க இருக்காங்களே, நான் எத்தனை வீட்டுக்கு ஓடுவேன்?"

கட்டம்மா கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள்.

"மேலிடத்து உத்தரவும்மா. விழா முடியற வரைக்கும் சின்னத்த எடுக்கக் கூடாது," என்றார் அதிகாரி. "கீழதான் எழுத்து ஓடுதே, படிச்சுக்கட்டும்."

"அங்க ஓடறது வாழ்த்துச் செய்தி சார்!"

"உனக்குச் சம்பளம் வருதுல்ல? அப்புறம் என்ன?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷ உயிர் இவருக்கு மூலையில் கிடக்கிற கட்டம்! அடுத்த செய்தி தொடங்கியதும் விறுவிறுவென்று பெரிய ஸ்டுடியோவுக்குள் நுழைந்து, செய்தி வாசிப்பவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் ஒரு பார்வை பார்த்தார்; நாற்காலியை நகர்த்தி இடம் விட்டுவிட்டு, அணைச் செய்தியை முதலிலிருந்து நிதானமாக வாசித்தார். அவள் கைகள் நடுத்திரையில் சொல்லத் தொடங்கின.

"மாத்துய்யா! விழா மேடையக் காட்டு!" என்று குதித்தார் அதிகாரி.

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க சார்," என்றார் படம் மாற்றுகிறவர். "காலி நாற்காலிய ஏழு சேனல்லயும் காட்டவா?"

விழா முடிந்த கையோடு அதிகாரி அவளைத் தேடிப் பாய்ந்து வந்தார். "நாளையிலேருந்து நீ இந்தப் பக்கமே வராத!"

அவள் பதில் சொல்வதற்குள் அக்கா மறுபடி அழைத்தாள். மேட்டுப் பள்ளிக்கூடத்தின் மாடிப்படி முழுக்க ஆட்கள், மூட்டையும் பிள்ளைகளுமாக. செல்போனில் அவளைக் கண்டதும் எல்லாக் கைகளும் ஒரேயடியாகப் பேசின. அதிகாரி எட்டிப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"என்னம்மா சொல்றாங்க?"

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உங்க சின்னத்தக் கேளுங்க சார்."