நானூறு வருஷம் தள்ளி ஒரு சிரிப்பு

1

என் சரித்திர நாவல் எப்படிப் பிறந்தது என்று முன்னுரையாக இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் பதிப்பாளர். உடனே ஆரம்பித்தேன்:

'சிதிலமடைந்த கோட்டையொன்றின் மதிலில் சாய்ந்து நின்றபோது, காற்றில் யாரோ சிரிக்கும் ஓசை—'

இதோடு நிறுத்திவிட்டேன். நான் எந்தக் கோட்டை மதிலிலும் சாய்ந்ததில்லை. சாய்வதென்றால் வேலையிடத்து நாற்காலிதான். அதற்கும் ஒரு கால் ஆட்டம். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில், பின்னறையில் உட்கார்ந்து பல்லுக்கு மாட்டும் கேப்பும் பல்செட்டும் செய்கிறவன் நான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிரிப்பு என் அண்ணனுடையது.

2

அண்ணனை உங்களுக்குக் காட்ட வேண்டும். [உயரம், நிறம், மூக்கு எல்லாம் எழுதி அடித்துவிட்டேன். சிரிப்பு போதும்.] எல்லாரும் மூச்சை வெளியே விட்டுச் சிரிப்பார்கள். அண்ணன் உள்ளே இழுத்துச் சிரிப்பார். முதலில் தோள் மட்டும் குலுங்கும், சத்தமே வராது. அப்புறம் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி ஹீக், ஹீக் என்று ஆரம்பித்தால் வீடே சேர்ந்துகொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே சின்ன வயதில் கோமாளித்தனம் பண்ணுவேன். என்னை எழுத்தாளனாக்கியதே அதுதான் என்றால் நாடகமாக இருக்கும், இருக்கட்டும்.

ஒன்பது வருஷம் முன்னால் பத்திரிகையில் என் முதல் கதை வந்தது. அதில் 'பம்பு' என்று ஒரு ஆள், அண்ணன் மாதிரியே சிரிக்கிறவன். படித்தவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனின் ஆபீஸில் யாரோ அதை நோட்டீஸ் போர்டில் குத்திவைத்தார்கள். அன்றிலிருந்து அங்கே அவர் பெயர் பம்பு. ஒரே ஒரு தடவை போன் செய்தார்.

"என் சிரிப்பு உன்னை என்னடா பண்ணுச்சு?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அப்புறம் பேசவில்லை. [அதைவிட மோசம், அவர் சிரிப்பதையே விட்டுவிட்டாராம். அண்ணி சொன்னார். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுகிறாராம்.]

3

அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்க எனக்கு எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. இந்தக் காலத்தில் வைத்து எழுதினால் மறுபடி மாட்டிக்கொள்வேன். அதனால் நானூறு வருஷம் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். முற்றுகையில் ஒரு கோட்டை. தம்பிக்காரன் வாய்தவறி உளறியதால் கொல்லப்பட்ட காவல் தலைவன். ஆளில்லாத கோபுரத்திலிருந்து அவன் சிரிப்பு மட்டும் கேட்கிறது, மூச்சை உள்ளே இழுத்து. எதிரிகள் நடுங்குகிறார்கள். தம்பி மட்டும் கோபுரத்தடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

"பேய் பிரமாதம் சார்" என்றார் பதிப்பாளர். "ஆனா கடைசி அத்தியாயத்துல அது போயாகணும். தம்பியை மன்னிச்சுட்டுப் போகுதோ, மன்னிக்காம போகுதோ, ஏதோ ஒண்ணு. நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?"

இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் கோபுரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

4

போன வாரம் அண்ணி கூப்பிட்டார். "உங்கண்ணனுக்குக் கடைவாய்ப் பல் உடைஞ்சு போச்சு. கேப் போடணுமாம். கண்ட இடத்துக்குப் போறதுக்கு அங்கேயே கூட்டிட்டு வரேன். நீ வாயைத் திறக்காதே."

"அவர்தானே அண்ணி திறக்கணும்."

"இதான். இந்த வாய்தான்."

வந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. டாக்டரம்மா ஊசி போட்டுப் பல்லைத் தேய்த்து, அச்செடுக்கிற பசையைத் தட்டில் நிரப்பி அவர் வாயில் வைத்தார். உதவிக்கு இருக்கும் நர்ஸ் அன்று லீவு. "இறுகுற வரைக்கும் ரெண்டு நிமிஷம், அசையாம பிடிச்சுக்குங்க" என்று என்னிடம் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக அண்ணன் எழுந்து போக முடியாத இடத்தில் இருந்தார். என் விரல் அவர் வாய்க்குள்.

"அண்ணே, ஒரு நாவல் எழுதியிருக்கேன். அதுல நீங்க செத்துட்டீங்க."

கண் மட்டும் என் பக்கம் திரும்பியது.

"இப்ப இல்ல, நானூறு வருஷம் முன்னாடி. பேயா வரீங்க. சிரிச்சே ஒரு படையைத் துரத்துறீங்க. அவங்க தளபதி செருப்பை விட்டுட்டு ஓடுறான்." தட்டை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். "கேலி இல்லண்ணே. நீங்க சிரிக்கலேன்னா கோட்டை விழுந்துரும்."

தோள் குலுங்கியது. தட்டு என் விரலுக்கடியில் நழுவியது.

"அசைஞ்சிருச்சே, என்ன ஆச்சு?" என்று வந்தார் டாக்டரம்மா.

அண்ணன் பசையைத் துப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குமட்டிருச்சும்மா" என்றார், மரத்த வாயோடு.

இரண்டாவது அச்சு சரியாக வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

5

கெட்டுப்போன அச்சைத் தூக்கிப் போடுவதுதான் முறை. நான் அதிலும் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, பல்வரிசையை வார்த்து எடுத்தேன். ஒவ்வொரு பல்லும் இரண்டு தடவை பதிந்திருக்கிறது, ஒன்றின்மேல் ஒன்றாக. மனைவியிடம் காட்டினேன். "வாந்தி வந்த வாய் மாதிரிதான் இருக்கு" என்றாள். அவள் எப்போதும் அண்ணி கட்சி.

குமட்டினாலும் தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும். நீங்களே கண்ணாடி முன்னால் நின்று இரண்டையும் செய்து பாருங்கள். சிரிப்புதான் என்று பட்டால், பேய் தம்பியை மன்னித்துப் போனதாக எழுதிக்கொள்ளுங்கள்; கடைசி அத்தியாயம் உங்களுடையது. குமட்டல்தான் என்று பட்டால்—

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.]

எனக்கு வேறு வேலை இருக்கிறது. நாளை கேப் மாட்ட வருகிறார். இருபத்தாறு வருஷத்தில் என் கையிலிருந்து போன எந்தக் கேப்பும் உயரம் என்று திரும்பி வந்ததில்லை. இது மயிரிழை உயரமாக இருக்கிறது. இப்படியே மாட்டினால் மெல்லும்போதெல்லாம் இடிக்கும். அடுத்த வாரமும் வந்தாக வேண்டும். அதற்கடுத்த வாரமும்.

தேய்த்துவிட நான்கு நொடி போதும். அரம் கையில்தான் இருக்கிறது.