தோள் கொடுக்கும் ஊழியம்

என் வீட்டுக்காரர் கொத்தனார். சாரம் சரிந்து, கான்கிரீட் பலகை கால்மேல் விழுந்ததில் இரண்டு காலையும் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே போதகர் வீட்டுக்கு வந்தார். "பாடுகள் ஆண்டவர் கொடுக்கிற பரிசு, தம்பி" என்றார். சொல்லிவிட்டு முதுகுக்கு வைக்கத் தலையணை கேட்டார். மெத்தை இல்லாத நாற்காலி அவருக்கு ஆகாதாம்.

எங்கள் ஆலயத்துக்கு மூன்றே மூன்று படிகள். சக்கர நாற்காலிக்கு அது மலை. அதற்காகச் சபையில் ஒரு குழு அமைத்தார்கள். பெயர், 'தோள் கொடுக்கும் ஊழியம்'. வங்கி அதிகாரி, மருந்துக்கடைக்காரர், அவர்களுக்கு வேண்டிய இன்னும் இரண்டு பேர். நாலு பேருமே சபைக் கமிட்டியில் இருப்பவர்கள். ஞாயிறுதோறும் ஒரே நிறச் சட்டையில் படியடியில் நிற்பார்கள். நாங்கள் எத்தனை சீக்கிரம் வந்தாலும் வெயிலில் காத்திருக்க வேண்டும். மணி அடித்து, எல்லாரும் உட்கார்ந்து, வாசலைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் கை வைப்பார்கள். யாரும் பார்க்காவிட்டால் பாரம் கூடிவிடும் போலிருக்கிறது.

கூரையைப் பிரித்து, நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இயேசுவின் முன் இறக்கிய நாலு பேரைப் பற்றிப் போதகர் மாதம் ஒருமுறை பிரசங்கம் செய்வார். நம் நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள். அவ்வளவு தாழ்மை!

கழிவறை, படியிறங்கி வெளியே இருந்தது. ஆராதனை நடுவில் ஒன்றுக்கு வந்தால் மறுபடி நாலு பேரும் எழுந்து, சபை முழுக்கப் பார்க்கத் தூக்க வேண்டும். அதனால் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே என் வீட்டுக்காரர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. அதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யவில்லை.

ஒருநாள் அவரே கமிட்டியில் கேட்டார். "ஐயா, பக்கவாட்டுல ஒரு சாய்தளம் போட்டுட்டா நானே உருட்டிக்கிட்டு வந்துடுவேன்."

வங்கி அதிகாரிக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்போ எங்க ஊழியம் என்ன ஆகுறது, தம்பி?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"அடுத்தவங்க நம்மளைச் சுமக்க விடுறதும் ஒரு சிலுவைதான்" என்றார் போதகர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிலுவைப் பேச்சுதான் எனக்குள் ஓடியது. ஆண்டவருக்குச் சிலுவை தூக்க உதவியவனைச் சேவகர்கள் வழியில் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த மனுஷன். தூக்கினான், தன் பாட்டுக்குப் போய்விட்டான். அவனுக்கு யார் சட்டை தைத்துக் கொடுத்தார்கள்?

அடுத்த திங்கட்கிழமை போதகரும் கமிட்டியும் ஆறு நாள் முகாமுக்குப் புறப்பட்டார்கள். தலைப்பு, 'எளிய வாழ்வு'. இடம், மலைமேல் ஒரு ஏசி விடுதி. அவர்கள் வண்டி திரும்பிய உடனே நாங்கள் ஆலயத்துக்குப் போனோம். காவலாளி ஒரு வார்த்தை கேட்காமல் கேட்டைத் திறந்தார். அவருக்கும் முழங்கால் வலி. போதகர் வீட்டு மதில் கட்டி மிஞ்சிய செங்கல், மணல், சிமெண்ட் எல்லாம் பின்னால் கிடந்தன.

நான் சித்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்குக் கலவை தூக்கிக் கொடுத்தவள். அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, சாக்கின்மேல் உட்கார்ந்து, கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து மட்டம் பார்க்க நூல் பிடித்தார். ஒன்றரை அடி ஏறப் பதினெட்டு அடி நீளம். மத்தியானம் திடீரென்று ஒரு சத்தம் போட்டார்.

"ஏய், கலவை தண்ணியா இருக்கு! கண்ணை எங்க வெச்சிருக்க?"

விபத்துக்குப் பிறகு அவர் என்னைத் திட்டியது அன்றுதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு சட்டி மணல் அள்ளிப் போட்டேன்.

இரண்டு நாளில் முடிந்தது. சனிக்கிழமை வரை ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஞாயிறன்று மணி அடிக்கும் முன்பே அவர் தானாக உருட்டிக்கொண்டு ஏறினார். பின்னாலேயே ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாலு பேரும் ஒரே நிறச் சட்டையில் படியடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"யாரைக் கேட்டுக் கட்டினே?" என்றார் வங்கி அதிகாரி. "எங்க ஆசீர்வாதத்தையே பறிச்சிட்டியே!"

என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, வேதத்துல அந்த நாலு பேரும் அவனை ஒரு தடவைதான் தூக்கினாங்க. திரும்பிப் போறப்ப அவன் தானே நடந்து போனான். அடுத்த வாரமும் வா, தூக்குறோம்னு யாரும் வாசல்ல நிக்கல."

போதகர் வேதாகமத்தைத் திறந்து, மூடினார்.

"இடிச்சுடலாம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இடிங்க. கடப்பாரை காவலாளி ரூம்ல இருக்கு."

ஒருவரும் எழவில்லை. சக்கர நாற்காலியைத் தூக்கிய எட்டுக் கையும் மடியிலேயே கிடந்தன. மருந்துக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களாம்மா, இடிக்கிறதுக்கு?"

"ஏன் இல்லாம? நானே இருக்கேன்" என்றேன். "ஆனா ஞாயித்துக்கிழமை வேலை செய்யறதில்ல. மத்த நாள்ல நேரமில்ல."

சாய்தளம் அப்படியே நின்றது. நாலு பேரும் மூன்று வாரம் ஆலயத்துக்கே வரவில்லை. மனம் புண்பட்டுவிட்டதாம். சபையில் அவர்களுக்காக ஜெபித்தார்கள்.

இத்தனை நாளும் என் வீட்டுக்காரரை முதல் வரிசையில், எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் வைப்பார்கள். இப்போது கடைசி வரிசையில், மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்துக்கொள்கிறார். போன வாரம் போதகர் பெருமை என்னும் பாவத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். யாரைக் குறிவைத்தார் என்று சபைக்கே தெரியும். என் வீட்டுக்காரர் பாதியிலேயே தூங்கிவிட்டார். லேசான குறட்டை வேறு. பக்கத்திலிருந்த அம்மா என்னை இடித்து, எழுப்பச் சொன்னார்.

நான் எழுப்பவில்லை.