படகோட்டியின் பாக்கெட்

அவன் ஸ்டூலின் மேல் ஏறி நின்று ஹால் மின்விசிறியின் மேல்மூடிக் கப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். சற்றுத் தள்ளி அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் வந்ததும் ஒரு தடவை முகத்தைப் பார்த்தான். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது, நல்லவேளை அவன் எலக்ட்ரீஷியன்.

“யாராவது அவரை இறங்கச் சொல்லுங்களேன். துக்க வீட்டுல என்ன ரிப்பேர் வேலை?” என்றாள் எதிர்வீட்டம்மா.

அவன் காதில் விழாதது போல ஸ்க்ரூவை முறுக்கினான். மூன்று மணிக்கு மயானத்துக்குப் போகிற வண்டி வந்துவிடும். அதுவரை கீழே இறங்காமல் இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஏழு வருஷமாக அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தைச் சொன்னால் ஊரே சிரிக்கும். ஒரு வீடியோ கேம்தான் காரணம்! ‘ஏழாம் துறை’ என்று நான்கு பாகம் வந்த விளையாட்டுக்குக் கதை, வசனம் எல்லாம் அக்கா. அதன் இரண்டாம் பாகத்தில் ஒரு படகோட்டி வருவான். விளக்குக்காரியையும் அவள் குழந்தையையும் கொட்டுகிற மழையில் கரையில் விட்டுவிட்டு, “சரி சரி, விடு” என்று சொல்லிப் படகைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். “சரி சரி, விடு” என்பது எதற்கெடுத்தாலும் இவன் வாயில் வருகிற பேச்சு. அத்தான் இறந்த மறுமாசமே, “கொஞ்ச நாள் கூட இருடா” என்று அக்கா கேட்டும் கேட்காமல் வெளியூர் வேலைக்குக் கிளம்பிப் போனவனும் இவன்தான்.

அதைக்கூடப் பொறுத்திருப்பான். அந்தப் படகோட்டியின் வலது கை ஆட்டம் முழுக்கப் பாக்கெட்டை விட்டு வெளியே வராது. உள்ளே கத்தி இருக்கிறது என்பது விளையாடுகிறவர்கள் அத்தனை பேருடைய தீர்ப்பு. துரோகி என்று அவனுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கூடப் பிறந்தவனை இப்படி எழுதிவிட்டாளே என்று இவனுக்கு வயிறு எரிந்தது. அவள் போன் செய்தபோது எடுக்கவில்லை. அப்புறம் அவளும் செய்யவில்லை. அந்தக் கையில் என்னதான் வைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இனி யாரைக் கேட்பது?

அப்போதுதான் படக்காரர் வந்தார். அந்த விளையாட்டின் ஆட்களை எல்லாம் வரைந்தவர். அக்காவின் காலடியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா மகள் சுண்டுவிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

“தப்பா எடுத்துக்காதம்மா. அம்மா கையால எழுதின ஸ்கிரிப்ட் எல்லாம் பத்திரமா இருக்கா? எங்களுக்கு வந்தது டைப் அடிச்ச காப்பிதான். ஒவ்வொரு ஆளுக்கும் பாக்கெட்ல என்ன இருக்குன்னு முதல்ல எழுதிக்குவாங்களாம். அது தெரிஞ்சாத்தான் அந்த ஆள் என்கிட்ட வாயைத் திறக்கிறான்னு சொல்வாங்க. ஆபீசுக்கு அனுப்புறப்போ அதை மட்டும் வெட்டிடுவாங்க.”

ஸ்டூலின் மேலிருந்து ஸ்க்ரூடிரைவர் டங்கென்று விழுந்தது.

“படகோட்டிக்குமா?” என்றான் அவன்.

படக்காரர் அண்ணாந்து பார்த்தார். “அந்தக் கையை நான் எத்தனை தடவை வெளியே எடுத்து வரைஞ்சேன் தெரியுமா சார்? ஒத்தைக் கையால எப்படிங்க துடுப்புப் போடுவான்னு சண்டையே போட்டேன். அது அவன் பாடு, கையை மட்டும் எடுத்துடாதீங்கன்னுட்டாங்க.”

சுண்டு காலையிலிருந்து அழுது அழுது கண் வீங்கிப்போயிருந்தாள். சட்டென்று எழுந்தாள். “பரண்ல இருக்கு மாமா. வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி.”

அவ்வளவுதான், ஸ்டூல் உள்ளறைக்குப் போனது. பெட்டியை இறக்கிக் கவிழ்த்தார்கள். பழைய கரண்ட் பில், காலண்டர்த் தாள் என்று எதன் பின்பக்கம் காலியாக இருந்ததோ அதிலெல்லாம் அக்காவின் சாய்ந்த கையெழுத்து. கட்டுக் கட்டாக நூல் போட்டுக் கட்டியிருந்தது.

“மாமா, இங்க பாருங்க! வரிக்காரன்! ‘பாக்கெட்டில்: மகளின் பால் பல், இருமல் மாத்திரை ஒன்று.’ ஐயோ, அவனைப் போய் எவ்வளவு திட்டியிருக்கேன்!”

“அதான் இருமிக்கிட்டே வரி கேட்பானா!” படக்காரர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். “ராணி... ராணிக்கு என்ன? ‘பாக்கெட் கிடையாது. அதனால்தான் யாரையும் நம்பமாட்டாள்.’ அடேங்கப்பா!”

“நாய்க்குக்கூட இருக்கு! ‘பாக்கெட் இருந்தால் அதில் பாதி பிஸ்கட். மீதி நாளைக்கு.’”

மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். எதிர்வீட்டம்மா கதவில் வந்து நின்றாள். “அம்மா அங்க கிடக்கா, இங்க என்னடி கும்மாளம்?” என்று அதட்டியவள், தாள்களைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். “அந்த ராணி மோதிரத்தை யாரு எடுத்தான்னு போட்டிருக்கா? கூட்டிப் பெருக்குறவதானே? நான் அப்பவே சொன்னேன், உங்கம்மா ஒத்துக்கவே மாட்டேன்னா.”

“நீங்களும் விளையாடுறீங்களா ஆன்ட்டி?”

“மத்தியானத்துல தூக்கம் வரலைன்னா என்ன பண்றது?”

இதையெல்லாம் கேட்டுச் சிரித்தாலும் அவன் கை நிற்கவில்லை. முதல் பாகம் கிடைத்துவிட்டது. மூன்றாவதும் நான்காவதும் கிடைத்தன. இரண்டாவதைக் காணோம். மணி இரண்டே முக்கால். கத்தி என்றே எழுதியிருக்கட்டும், அவள் கையெழுத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். பெட்டியைத் தலைகீழாகத் தட்டினான். அடி அட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு கட்டு.

“இதான்! இதான் மாமா! மழை சீன் எங்க? தள்ளுங்க, தள்ளுங்க!”

சுண்டுவே எடுத்து உரக்கப் படித்தாள். “‘படகோட்டி. பாக்கெட்டில்: வீட்டுச் சாவி. கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறான். கேட்டால் கொடுத்துவிடுவான். விளக்குக்காரி கேட்கமாட்டாள்.’”

“சாவியா!” என்று கத்தினார் படக்காரர். “கத்தி இல்லையா? அட, லட்சம் பேர் கத்தின்னு சத்தியம் பண்றான் சார்!” அவர் முகமெல்லாம் ஜொலித்தது. “அப்போ மூணாம் பாகத்துல கதவைத் தட்டுறது? மூணு தட்டு, அப்புறம் படியிறங்கிப் போற சத்தம். யாருன்னு இன்னிவரைக்கும் எவனும் கண்டுபிடிக்கலை. அதைப் பாரும்மா, சீக்கிரம்!”

அவன் மூன்றாம் பாகம் விளையாடியதில்லை. ஆனால் ஐந்து வருஷம் முன்பு ஒரு நாள் இந்த வீட்டு வாசலில் வந்து நின்று, மூன்று தடவை தட்டிவிட்டு, யாரும் திறக்காததால் திரும்பிப் போனவன் அவன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

சுண்டு மூன்றாம் பாகத்தின் கட்டைப் பிரித்துப் புரட்டினாள். “‘தட்டுவது படகோட்டி. பாக்கெட்டில்: அதே சாவி. சாவியை வைத்துக்கொண்டு தட்டுகிறான், மடையன். விளக்குக்காரி கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறாள். அவனே திறந்துகொண்டு வரட்டும் என்று நிற்கிறாள்.’”

“பிரமாதம்! பிரமாதம்!” படக்காரர் தொடையில் தட்டினார்.

அவன் அந்தத் தாளை வாங்கிக்கொண்டான். ‘மடையன்’ என்ற இடத்தில் பேனா அழுந்தித் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. நான்காம் பாகத்தை அவனே பிரித்து, விளக்குக்காரி பெயரைத் தேடினான்.

‘பாக்கெட்டில்: ஒன்றும் இல்லை. பூட்டை இன்னும் மாற்றவில்லை.’

வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது.

அதற்குப் பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. தலைமாட்டில் அவன் பிடித்தான், கால்மாட்டில் படக்காரர். அக்கா கனக்கவே இல்லை. எல்லாரும் படியிறங்கிவிட்டார்கள். சுண்டு மட்டும் வாசலில் நின்று பையைக் கொட்டித் துழாவிக்கொண்டிருந்தாள்.

“சாவி ஆஸ்பத்திரியிலேயே மாட்டிக்கிச்சு மாமா. அம்மா ஹேண்ட்பேக்ல. திறந்து போட்டுட்டா போறது?”

அவன் வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. எப்போது உள்ளே போனதென்று அவனுக்கே தெரியாது. காலையில் இதே வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்தியபோதும் அந்தக் கை அங்கேதான் இருந்தது.

“சரி சரி, விடு,” என்றான்.

கையை வெளியே எடுத்தான். அந்தப் பூட்டு, கதவைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் சுற்றும். இழுத்துப் பிடித்தான். இரண்டு சுற்றுச் சுற்றியது.

கீழ்ப்படியில் நின்று படக்காரர் அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.