மீதிச் சொல்

கடந்த ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரஷ்யாவின் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்று ஆக்லாந்துப் புறநகரான பாபடோயிட்டோயில் அன்னபாக்கியம் வீட்டுப் பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கம்பிக்கு இரண்டு முழம் மேலே வந்து நின்றது. விழவில்லை, நின்றது. கவுன்சிலிலிருந்து வந்தவர் அளந்து பார்த்து, நிலத்தைத் தொடாத பொருளுக்கு அனுமதி தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார். தங்கள் கோள் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருந்த இடத்திலேயே இருப்பதாக ரஷ்யர்கள் பதில் அனுப்பினார்கள். அதோடு பேச்சு அடங்கியது. பக்கத்து வீட்டுக் கௌரி மட்டும், கத்தரிக்கன்றுக்கு வெயில் போய்விட்டதென்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

அது எதற்கு வந்தது என்று அன்னபாக்கியத்துக்குத் தெரியும். 2009 மே மாதம், வன்னிக் கடற்கரையில் யாரோ ஒருவருடைய செயற்கைக்கோள் தொலைபேசிக்கு, ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வரிசையில் நின்று, அவள் மகன் ஜனார்த்தன் ஆக்லாந்துக்கு அழைப்பு எடுத்தான். பத்தொன்பது வயது. விசா வந்ததும் கூப்பிடலாமென்று சின்னம்மாவிடம் விட்டு வந்த பிள்ளை. "சரியம்மா, போட்டு..." என்றான். லைன் அறுந்தது. போய்விட்டு வருகிறேன் என்னும் 'போட்டு வாறன்' பேச்சில் 'வாறன்' வரவில்லை, அவனும் வரவில்லை. அதன்பின் அவள் விமான நிலையச் சமையற்கூடத்தில் பதினைந்து வருடம் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு மூடி போட்டாள், மகள் லோஜனா கலியாணம் கட்டித் அதே நகரின் தகனினிக்குக் குடிபோனாள், கணவர் இராசநாயகத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் போயின. கண்ணை மூடுமுன் மகனுக்குத் தன் கையால் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே விருப்பம். ஆனால் மரணப் பதிவுக் கடுதாசியில் தாய் ஒப்பமிடாமல் அதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

"எனக்கு நாள் கிடக்கோ தெரியாதப்பா" என்பார்.

"அவன் கதைச்சு முடிக்கேல்லை. பாதியிலை நான் என்னெண்டு கையெழுத்து வைக்கிறது?"

ஏழு மாதம் அந்தக் கோள் தன்னிடம் தங்கிப்போன பேச்சுகளையெல்லாம் இறக்கியது. மாலுமிகள் வானிலை கேட்டார்கள். யாரோ ஒரு பெண் ரஷ்ய மொழியில் நாள்முழுக்க அழுதாள். மழைக்குக் குடை பிடித்து அன்னபாக்கியம் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். ஒக்டோபரில் ஒரு காலை, ஷெல் விழும் சத்தத்துக்கு நடுவே, பத்தொன்பது வயதுக் குரல் சொன்னது: "வாறன்."

போட்டு வாறன் என்று சொன்ன பிள்ளை, தாய் போட்டு வா என்னும்வரை வாசல்படி தாண்டமாட்டான். இத்தனை வருடமும் அந்தக் கடற்கரையில் அவன் தாயின் ஒரு சொல்லுக்காகவே நின்றிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஓம் ராசா," என்றாள். "போட்டு வா."

பிறகு வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, அந்தக் கடுதாசியைக் கொண்டாங்கோ."

அதற்குப் பின் கோள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. எள்ளும் தண்ணீரும் இறைப்பதற்கு முதல் நாள் அன்னபாக்கியம் இராசநாயகத்தின் வேட்டியைத் தோய்த்து, வெயில் நன்றாக விழுவது அங்கேதான் என்பதால், கதிரையில் ஏறி அதன் சூரியத்தகட்டு இறக்கையில் காயப்போட்டாள்.