மூன்றாம் ஓலை

ஞாயிறு பூசை முடியும் நேரம் சாமியார் இரண்டாவது கல்யாண ஓலையை வாசித்தார். மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம். "சவரி மகன் மரியசூசைக்கும், காலஞ்சென்ற இன்னாசிராஜ் மகள் ராஜமேரிக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. தடை ஏதும் அறிந்தவர்கள் என்னிடம் தெரிவிக்கவும்."

தடை ராஜமேரிக்குத் தெரியும். சித்தி சகாயமேரியின் பைக்குள் இருந்தது அது. மெட்ராஸ் அமெரிக்கத் தூதரகத்திலிருந்து நேற்றுத்தான் வந்த கடிதம்.

அம்மா நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா போய்ப் பத்து வருடம். இடையில் வந்தது ஒரே முறை. அதுவும் அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள். அங்கேயே தங்கும் உரிமை கிடைத்ததும் மகளுக்கு மனுப் போட்டாள். ஒரு தேசத்துக்கு வருடத்தில் இருபதாயிரம் பேர்தான் என்று அந்த ஊர்ச் சட்டம். நான்கு வருடம் வரிசை நகரவே இல்லை. வயது இருபத்தாறாகிவிட்டது, இனி வராது என்று அம்மாவே எழுதிய பிறகுதான் மாப்பிள்ளை பார்த்தார்கள். இப்போது முறை வந்துவிட்டது. ஆனால் அது கல்யாணமாகாத மகளுக்கான வரிசை. தாலி ஏறினால் வரிசையிலிருந்து பெயர் போய்விடும்.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் சித்தி கையைப் பிடித்தாள். "கமுக்கமா கட்டிக்க. அங்க கேட்டா ஆகலைன்னு சொல்லிப்புடு."

"ஆகலைன்னு சாமியார்கிட்ட எழுதி வாங்கியாரச் சொல்லியிருக்கான் சித்தி."

"நாசமாப் போறவன், எல்லாத்தையும் ரோசிச்சு வச்சிருக்கான்!"

மரியசூசை சைக்கிளோடு புளியமரத்தடியில் நின்றிருந்தான். கரண்ட் ஆபீசில் லைன்மேன். ராஜமேரி நீட்டிய கடிதத்தை இரண்டு முறை படித்தான்.

"இன்டர்வியூ எப்ப?"

"பதினேழாந் தேதிங்க."

"நீ போயி, அப்புறமா வந்து என்னைக் கட்டிக்கிட்டா?"

"கட்டிக்கலாம். உங்களக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் மறுபடி வரிசை."

"எத்தினி வருசம்?"

"அது யாருக்குங்க தெரியும்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "நம்மூரு ரேசன் கடையே தேவலாம் போல. மண்ணெண்ணெய் இல்லீன்னாலும் நாளைக்கு வான்னாவது சொல்றான்." பிறகு மெதுவாகக் கேட்டான். "உனக்கு என்ன தோணுது?"

"எங்கம்மா மொகமே மறந்து போச்சுங்க."

"போறியா?"

"அப்படிச் சொல்லலீங்களே."

"இருக்கறேன்னும் சொல்லல."

அந்த வாரம் முழுதும் அவன் அவள் ஊரான நல்லம்பள்ளிப் பக்கமே வரவில்லை. ராஜமேரி அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தாள். 'அன்புள்ள அம்மா' என்பதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை.

அடுத்த ஞாயிறு பெண்கள் பக்கத்தில், சித்திக்கு அருகில் முழங்காலிட்டிருந்தாள். மூன்றாம் ஓலையும் வாசித்துவிட்டால் புதன்கிழமை கல்யாணம். சாமியார் நோயாளிகளுக்காக வேண்டச் சொன்னார். ஞானோபதேச வகுப்பு நேரத்தை அறிவித்தார். வேறொரு ஜோடியின் ஓலையை வாசித்தார். தாளை மடித்தார்.

"நம்முளுது?" என்றாள் சித்தி, முன்வரிசை திரும்பிப் பார்க்கும்படி.

ராஜமேரியின் நெஞ்சிலிருந்து ஒரு வாரமாக அடைத்திருந்த மூச்சு இறங்கியது. ஐயோ, நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடுதான் தலையைத் தூக்கினாள். ஆண்கள் பக்கத்திலிருந்து மரியசூசை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் அவனிடம் கேட்டாள். "யாரக் கேட்டு நிறுத்துனீங்க?"

"உன்னத்தான். நீ வாயத் தொறந்து சொல்லல, அவ்வளவுதான்."

"நான்..."

"பாத்தேன், ராஜமேரி." சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தான். "பதினாறாந் தேதி ராவே மெட்ராஸ் பஸ் ஏறிரு. காலையில போனா நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டே."