சுவாமிதாஸின் கட்டைவிரல்

நாலு மணிச் சங்கு ஊதி ஓய்வதற்குள் மில் கால்பந்து டீமின் பந்துகளிக்காரர்கள் பதினொரு பேரும் மில் மைதானத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு, அங்கே நீளமாகக் கிடந்த கருங்கல்லில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். சுவாமிதாஸ் ஒரு முனையிலிருந்து தொடங்கினார். குந்தியிருந்து, ஒவ்வொரு காலாக மடியில் எடுத்து வைத்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே இறங்கினார். அவர் விரல் படாத கால் மைதானத்தில் இறங்கக்கூடாது. ஒன்பது வருஷமாக அங்கே அதுதான் சட்டம். பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட இத்தனை சோதனை கிடையாது என்று கேலி செய்வார்கள். ஆனாலும் காலை நீட்டாமல் போனவன் ஒருத்தனும் இல்லை.

சுப்புவின் இடது காலில் விரல் நின்றது.

"இங்கயா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா ஒரு பிடித்தம்."

விரல் ஓரங்குலம் மேலே போனது. வலி இல்லை. கீழே வந்தது. அங்கேயும் இல்லை. பழைய இடத்துக்குத் திரும்பி அழுத்தியதும் சுப்புவின் தொடை துள்ளியது. சதை நோவு பரந்து கிடக்கும்; எலும்பு நோவு ஒரே புள்ளியில் நிற்கும். சுவாமிதாஸ் இதை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பட்டாளத்து டீமில் பந்து களித்த காலத்தில் சொந்தக் காலை ஒடித்துக்கொண்டு ஆறு மாதம் கட்டிலில் கிடந்து தெரிந்துகொண்டது. இன்றும் படியேறும்போது அந்தக் கால் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

"எந்திரி. அந்தக் காலை மட்டும் ஊணிக் கல்லுமேல மூணு தடவ குதி."

முதல் குதிப்பில் சுப்பு சிரித்தான். இரண்டாவதில் சிரிப்பு நின்றது. மூன்றாவதில் இரண்டு காலையும் ஊன்றிவிட்டான்.

"எலும்புல கீறல் விழுந்திருக்குடே. ஒரு மாசம் பந்தைத் தொடாத."

"வார ஞாயித்துக்கிழம பைனலாக்கும், அண்ணாச்சி!"

சுப்பு நாலு வருஷமாகப் பதிலி. தினமும் காலையில் கேட்டில் நிற்பான். எவனாவது வேலைக்கு வராவிட்டால் அந்த இடத்துக்குக் கூப்பிடுவார்கள். கோப்பை வந்தால் அவன் பெயரை நிரந்தரப் பட்டியலில் ஏற்றுவதாக மேனேஜர் பகவதிப்பெருமாள் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். ஆரியசாலையில் ஒற்றை அறையில் அவன் மனைவி உலகம்மைக்கு ஏழாம் மாதம்.

"களிச்சா பேரு ஏறும். இல்லேன்னா கேட்டுலதான் நிக்கணும், கேட்டீரா?"

"கால் போச்சுன்னா கேட்டுலகூட நிக்க முடியாதுலே" என்றார் சுவாமிதாஸ். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இப்போது அவர் கோச் இல்லை என்பதுதான் சங்கடம். இந்த வருஷம் கோப்பைக் கமிட்டி இரண்டு விதி கொண்டுவந்திருந்தது. பூட்ஸ் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. சான்றிதழ் பெற்ற கோச் இல்லாத டீமைச் சேர்க்கமாட்டார்கள். ஆகவே மூன்று வாரத்துக்கு முன் குற்றாலலிங்கம் வந்தார். இருபத்தாறு வயது, பி.ஏ., பம்பாயில் ஆறு வார முகாம். அவருடைய சான்றிதழ் கண்ணாடி போட்டு மேனேஜர் அறையில் தொங்கியது. சுவாமிதாஸுக்குப் பகலில் வழக்கம்போல ஃபிட்டர் வேலை, மாலையில் கோடு போடுவதும் பந்துக்குக் காற்றடிப்பதும். கால் பார்ப்பதை மட்டும் நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வெறுங்காலில் வளர்ந்தவர்களுக்குப் பூட்ஸ் மாட்டி, செம்மண் தரையில் தினமும் இருபது சுற்று ஓடவிட்டார் குற்றாலலிங்கம். நோட்டுப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. சுவாமிதாஸ் போய் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், நோட்டைப் புரட்டினார்.

"புதுசா பூட்ஸ் போட்டா இந்த வலி எல்லாருக்கும் வரும்னு போட்டிருக்கு, அண்ணாச்சி. ஓட ஓடச் சரியாப் போயிரும்."

"எலும்பு ஒடிவைப் பத்தி முகாம்ல சொல்லித் தரலியா சார்?"

"ஒரு நாள் இருந்துது. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்." அவர் முகம் சிவந்தது. "நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா எதை ஆதாரமா வச்சு அவனுக்கு ஓய்வுன்னு எழுதுவேன்? உங்க கட்டைவிரலையா?"

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கச் சீட்டு கேட்டுச் சுவாமிதாஸ் மேனேஜரிடம் போனார். கோச் எழுதினால் தருவதாக மேனேஜர் சொன்னார். கோச்சிடம் திரும்பினார். மேனேஜர் உத்தரவிட்டால் எழுதுவதாக அவர் சொன்னார். இப்படி இரண்டு நாள் நடந்து சுவாமிதாஸின் பழைய கால்தான் வீங்கியது.

பைனல் அன்று, ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சுப்பு சபை வாசலில் நின்றிருந்தான்.

"எப்பிடியும் எறங்கத்தான் போறேன் அண்ணாச்சி. நீரு ஒரு கட்டுப் போட்டுத் தந்தா தைரியமா இருக்கும்."

"மாட்டேன்லே."

"அப்பம் கட்டு இல்லாமலே எறங்குதேன்."

சுவாமிதாஸ் வீட்டுக்குப் போய்ப் பழைய வேட்டியொன்றைக் கிழித்து எடுத்துவந்தார். மைதானத்து ஓரத்தில், எல்லாரும் பார்க்க, எண்ணெய் தடவிச் சுற்றிக் கட்டினார். குற்றாலலிங்கமும் பக்கத்தில் நின்று பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் பாதியில் சுப்பு நன்றாகவே களித்தான். சுவாமிதாஸ் பந்தைப் பார்க்கவில்லை, அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில் மில் டீம் ஒரு கோல் போட்டது. கூட்டம் கத்தி ஓய்ந்த சமயம், யாருமே இடிக்காமல், திரும்புவதற்காகச் சுப்பு இடது காலை ஊன்றினான். பச்சை மூங்கில் முறிகிற சத்தம் மைதானத்தின் இந்த ஓரம் வரை கேட்டது.

கோப்பை வந்தது. சான்றிதழுக்குக் கீழே மேஜை போட்டு வைத்தார்கள்.

பத்து நாள் கழித்துச் சுவாமிதாஸை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பகவதிப்பெருமாள் ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினார். தகுதிச் சான்றிதழ் ஏதும் இல்லாத ஒருவர் எண்ணெய் தேய்த்து இறுக்கிக் கட்டியதே கால் முறிவுக்குக் காரணம் என்று அதில் இருந்தது. கீழே குற்றாலலிங்கத்தின் கையெழுத்து. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"ஒடியும்னு நான் முன்னாலயே சொன்னேன் சார்."

"எங்க எழுதியிருக்கு?"

சுவாமிதாஸ் குற்றாலலிங்கத்தைப் பார்த்தார்.

"சுப்புவுக்கு என்ன சார் வழி?"

"பதிலிதானே. ரெண்டு மாசம் கேட்டுக்கு வரலேன்னா பேரு தானா விழுந்திரும். ரூல் அப்படி." மேனேஜர் இன்னொரு காகிதத்தை நகர்த்தினார். "நீரு பழைய ஆளு, அதனால ஃபிட்டர் வேலை இருக்கட்டும்னு பாக்கேன். இனிமே ஆட்டக்காரங்க யார் காலையும் தொடமாட்டேன்னு இதுல ஒப்பிடும்."

பக்கத்துச் சுவரில் சான்றிதழின் கண்ணாடி பளபளத்தது. வீட்டிலிருக்கும் தன் இரண்டு பெண் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு சுவாமிதாஸ் கையெழுத்துப் போட்டார். அவமானத்தில் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்து நின்றார்.

தை மாதம் அடுத்த பந்தயத்துக்குப் பயிற்சி தொடங்கியது. அன்று சுவாமிதாஸ் சுண்ணாம்பு வாளியோடு குழாயடிக்கு எதிரே ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோல் காக்கும் சத்தியநேசன் பூட்ஸைக் கையில் பிடித்தபடி வந்து, பழக்க தோஷத்தில் கருங்கல்லில் உட்கார்ந்து வலது காலை நீட்டினான்.

"ரெண்டு நாளா இந்த எடத்துல ஒரு குத்தல், அண்ணாச்சி. ஒரு வெரல் வச்சுப் பாரும்."

சுவாமிதாஸ் நின்றபடியே பார்த்தார். கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பின் மேல், ஒரே புள்ளி. கை தானாக நீண்டது. விரல் நுனியிலிருந்து சுண்ணாம்பு சொட்டியது. அவர் கையை வாளிக்குள் விட்டுக்கொண்டார்.

"கோச் சாரைக் கேளு" என்றார்.

"கேட்டாச்சு. ஓடச் சொல்லுதாரு."

விசில் ஊதியது. சத்தியநேசன் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஈரக்கோட்டின் மேல் மிதித்து மைதானத்துக்குள் போனான். வெள்ளையில் இடது பூட்ஸ் முழுசாகப் பதிந்திருந்தது. வலது பூட்ஸின் முன்நுனி மட்டும்தான் பதிந்திருந்தது. சுவாமிதாஸ் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து, தடம் தெரியாதபடி அதன் மேல் கோட்டை இழுத்தார்.